அயர்லாந்துக் குட்டியின் நெற்றிச் சுழி

1

போன வாரம் எனக்கு ஒரு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. பிறந்தநாள் தொப்பி மாட்டிய குதிரை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, "அன்புள்ள பழனிச்சாமி, சிறு குதிரை வளர்ப்போருக்குத் தோள்கொடுக்கும் எங்கள் குடும்பத்தில் நீங்கள் இணைந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்தன" என்று எழுதியிருந்தது.

பழனிச்சாமி என் அப்பா. அந்தியூரில் இருக்கிறார். அவர் யாருடைய குடும்பத்திலும் இணையவில்லை. என் பெயர் முத்துலட்சுமி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்திருப்பதால், எது யாருடைய பெயர் என்று பார்க்கச் சோம்பல்பட்ட யாரோ அதை முன்னால் போட்டுவிட்டார்கள். சேர்ந்த முதல் வாரமே திருத்தச் சொல்லி எழுதினேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. அது இன்னும் பத்திரமாகப் பதிவாகித்தான் இருக்கிறது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துக் குதிரை என்றால் பெரிய பண்ணைகளும் பந்தயங்களும்தான் வெளியே தெரியும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல், அதில் ஒரே ஒரு பெட்டைக் குதிரை, வருடத்துக்கு ஒரு குட்டி என்று வாழ்பவர்கள் அங்கே ஏராளம். பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள். அவர்களுக்கு உதவ ஒரு திட்டம் இருக்கிறது. திட்டத்தை நடத்த ஓர் அலுவலகம். அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஒரு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு மலிவாக உழைக்க, பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பபேடான் பகுதியில், நான்காவது மாடியில் நான். இத்தனை கை மாறி அந்த வயலுக்குப் போய்ச் சேரும்போது உதவியில் பெயர் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

2

நான் வெளிநாட்டில் டாக்டராக இருக்கிறேன் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பாதி உண்மை. கால்நடை மருத்துவம் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய கையோடு சேகரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். சேகர் பம்புசெட் வாங்கக் கோயம்புத்தூருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர். அவருடைய முன்னோர் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். இன்று குடும்பத்துக்குப் பம்பும் பேட்டரியும் விற்கும் கடை இருக்கிறது. நாட்டு நிலவரத்தால் மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பேட்டரிக் கடைக்காரர் நன்றாகவே இருப்பார். நிலவரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் பட்டம் இங்கே செல்லுமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மாதம் மனப்பாடம் செய்த பர்மிய மொழியில் பேச ஆரம்பித்தேன். 'நான்' என்பதற்கு இங்கே ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். சேகரிடமிருந்து மொழி கற்றவள் என்பதால் ஆண் சொல்லையே சொல்லிவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு மாடியில் இருந்தவர் கீழே கடிதம் வாங்கி வரச் சொன்னார். கீழே இருந்தவர் மாடியில் கடிதம் கொடுத்தால்தான் தர முடியும் என்றார். இரண்டு பேரும் மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அப்போதாவது பேசியிருக்கலாம்.

மிங்கலாடோன் பக்கம் ஒரு பணக்காரர் சவாரிக் குதிரைகள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவருடைய மேலாளர் என் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர் வேண்டாம், லாயம் கூட்டத்தான் ஆள் வேண்டும், பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். வாடகைக் காரில் திரும்பும்போது அழுகை வரவில்லை. அவருக்காக அழுவதற்கு அவர் யார்?

அப்படித்தான் இணையத்தில் இந்த வேலை கிடைத்தது. அயர்லாந்தில் காலை விடியும்போது இங்கே பிற்பகல். மதியச் சோறு முடிந்ததும் கணினியைத் திறப்பேன். தெருவில் பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, பேருந்து நடத்துனர்களின் கூச்சல். மேல்மாடிகளிலிருந்து தொங்கும் கயிறுகளில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் ஏறும். நான் ஒரு முறைகூடப் பார்த்திராத நாட்டின் குதிரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மாமியாருக்கு இந்த வேலையில் நம்பிக்கை கிடையாது.

"ஏம்மா, அந்தக் குதிரைக்கு ஊசி போட மாட்டியா?"

"இல்ல அத்தை. படத்தைப் பாத்துச் சரியா தப்பான்னு சொல்லுவேன்."

"அதுக்கு சம்பளம் தர்றாங்களா? வெள்ளக்காரன் எப்பவும் இப்படித்தான். மீ வந்துருச்சு பாரு, அரிசிய குக்கர்ல போடு."

மீ என்றால் மின்சாரம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மட்டும் தமிழே கிடையாது. நாத்தனார் மகள் செல்விக்குப் பள்ளியில் சூ சூ என்று பெயர். நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வாள். கோயில் விழா மேடையில் தமிழ் அழிகிறது என்று முழங்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். மேடையை விட்டு இறங்கியதும் பேரப்பிள்ளைகளை அவர்கள் பர்மியத்தில்தான் அதட்டுகிறார்கள். செல்வி குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை.

3

அந்தியூரில் ஆடி மாதம் குதிரைச் சந்தை கூடும். எங்களுக்குக் குதிரை கிடையாது. அப்பா கயிறு பிடிக்கும் ஆள். குதிரையின் சொந்தக்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருப்பார். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றி வருவார். அப்பா கயிற்றைப் பிடித்தபடி குதிரையின் தலையை நிமிர்த்தி வெயிலில் நிற்பார். யாராவது படம் எடுத்தால், "நீ கொஞ்சம் ஒதுங்குப்பா" என்பார்கள். கயிறு மட்டும் படத்தில் விழும்.

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழியை. மயிர் சுழன்று நிற்கும் இடத்தைத்தான் சுழி என்கிறோம். நெற்றியில் இந்த இடத்தில் இருந்தால் ராசி, அந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரிய மனிதர்கள் முகத்தைச் சுருக்குவார்கள். அதே குதிரையை மாலையில் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்கிய பிறகு சுழி அவர்களை ஒன்றும் செய்யாது. இதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டதால், பட்டு வேட்டியோ டையோ கட்டிக்கொண்டு குதிரையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்கு மரியாதை வந்ததே இல்லை.

4

நோரா என்பவரின் விண்ணப்பம் இலையுதிர்காலச் சந்தைக்குச் சில நாட்களுக்கு முன் என்னிடம் வந்தது. மேற்குக் கரையோரம் தனியாக வாழும் கைம்பெண். ஒரு பெட்டைக் குதிரை, அந்த வருடத்து ஆண்குட்டி ஒன்று. உடம்பு முழுக்க ஒரே பழுப்பு. எங்கும் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை.

வெள்ளை இல்லாத குதிரையை அங்கே சுழிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஒரு வெற்றுக் குதிரைப் படத்தில் சுழி இருக்கும் இடங்களில் பெருக்கல் குறி போட்டு அனுப்புவார். வளர்ப்பவர் புகைப்படம் அனுப்புவார். இரண்டும் பொருந்தினால் குட்டி பதிவாகும். பதிவானால்தான் சந்தைக்குள் விடுவார்கள்.

நோராவின் குட்டிக்கு நெற்றிச் சுழி இடது கண்ணுக்கு மேலே என்று மருத்துவர் குறித்திருந்தார். புகைப்படத்தில் வலது கண்ணுக்கு மேலே இருந்தது. எனக்கு முன்பே நிறுவனத்தின் மென்பொருள் அதைப் பார்த்துவிட்டது. "இது வேறு குட்டியாக இருக்கலாம்" என்று நோராவுக்குக் கடிதமும் போய்விட்டது. நாகரிகமான மொழியில் ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டு.

படத்தைப் பெரிதாக்கினேன். குட்டியின் கழுத்தை ஒரு முழங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஓரத்தில் நரைத்த முடியும் ஒரு காதும். பின்னால் சுவரில் சாய்ந்திருந்த தீவனச் சாக்கில் எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின.

அந்த அம்மாள் ஒரு கையால் குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் தன்னைத்தானே படமெடுக்கும் முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறார். அவருடைய கைப்பேசி கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிச் சேமித்துவிட்டது. கயிறு பிடிக்க இன்னோர் ஆள் இருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது. பெரிய பண்ணையில் கயிறு பிடிக்க ஒருவன், படமெடுக்க ஒருவன், குட்டி காதை நிமிர்த்துவதற்காக வாளியைத் தட்டிக் காட்ட ஒருவன். சின்ன ஆட்களுக்கான திட்டத்துக்கு விதி எழுதியவர்கள், சின்ன ஆள் என்றால் ஒற்றை ஆள் என்பதை யோசிக்கவே இல்லை.

5

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் டெக்லன். அவருக்குப் பின்னால் சுவரில் எப்போதும் ஒரு குதிரை ஓவியம் இருக்கும். கணினித் திரையில் அவரை அழைத்து, சாக்கு எழுத்துகளைக் காட்டி விளக்கினேன்.

"ரொம்ப சுவாரசியமான கவனிப்பு, பழனி" என்றார்.

"அப்படியானால் படத்தைத் திருப்பிப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாமா?"

"அது நம் வேலை இல்லையே. வந்த படத்தில் நாம் கைவைக்கக் கூடாது. புதிய படம் அனுப்பட்டும். ஒருவர் குட்டியைப் பிடிக்க, இன்னொருவர் எடுத்த படம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்."

"அவர் தனியாக இருக்கிறார். சந்தைக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"நம் கள உதவியாளரை அனுப்பலாமே. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறார்."

"சந்தை முடிந்த பிறகா?"

அவர் வருத்தமாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். "நமக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பழனி" என்றார்.

அவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய அறையில் மின்சாரம்கூடப் போகாது.

6

வளர்ப்பவர்களை நாங்கள் நேரடியாக அழைக்கக் கூடாது. தெரிந்தால் வேலை போகும். விண்ணப்பத்தில் நோராவின் எண் இருந்தது. வியாழக்கிழமை பிற்பகல் என் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். அவருடைய ஆங்கிலத்தை நான் இங்கே என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

"யாரு?"

யார், எதற்காக அழைக்கிறேன் என்று சொன்னேன்.

"திருடின்னு எழுதுனது நீதானா?"

"நான் இல்லீங்க. நீங்க திருடி இல்லைன்னு காட்டறதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"எங்கம்மாவும் இந்த வயல்ல குட்டி எடுத்தவதான்" என்றார். "ஒருத்தரும் எங்களை இப்படிச் சொன்னதில்ல. இங்க பாரு அம்மிணி, இந்தக் குட்டி சந்தைக்குப் போகலைன்னா குளிருக்கு ரெண்டுக்கும் வைக்கோல் போட என்னால ஆகாது. குட்டி போகலைன்னா தாய் போகோணும். தாயும் போயிட்டா எனக்கு அப்பறம் என்ன இருக்குது, இந்த ரெண்டு வயலும் மழையுந்தான்."

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனையில். தபால்காரர் வருவார், ஆனால் அவருக்குக் குதிரை என்றால் நடுக்கம். தங்கை மகன் ஆஸ்திரேலியாவில்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. படமெடுக்க இன்னொருவர் வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அந்த இன்னொருவர் வயலில் நிற்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத அவர்களுக்கு அறிவு போதாது. வீடியோ அழைப்பில் எதிர்முனைக்குப் படம் இடவலம் மாறாமல் நேராகத்தான் வரும்.

"கைப்பேசிய எங்காவது நிக்க வெக்க முடியுமாங்க? படத்தை நான் இங்கிருந்து எடுத்துக்கறேன்."

"எங்கிருந்து?"

"பர்மாவுல இருந்து."

"அடக் கடவுளே" என்றார். பிறகு நிதானமாக, "செருப்புக்குள்ள வெக்கலாமா? மழைக்குப் போடற நீளச் செருப்பு. வயல் கேட்டுமேல இறுக்கிக் கட்டுனா ஆடாது."

அவர் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மீ போனது. வைஃபையும் சேர்ந்து போனது. கீழே கடைக்கு ஓடினேன். சேகர் பம்பும் பேட்டரியும் வாங்க வந்தவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"பேட்டரி வேணும். இப்பவே."

"சார்ஜ் ஏறுனது இது ஒண்ணுதான்மா, வித்தாச்சு. இவருக்குக் கட்டணும்."

"அரைமணி நேரம் கழிச்சுக் கட்டுங்க."

வாடிக்கையாளர் த்வாண்டேயிலிருந்து படகேறி வந்த நெல் விவசாயி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை, நான் போய் லபெயே குடித்துவிட்டு வருகிறேன் என்று சேகரிடம் பர்மியத்தில் சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வாரத்தில் விதியைப் பற்றிப் பேசாமல் உதவி செய்த ஒரே ஆள் அவர்தான்.

சேகர் பேட்டரியில் கடை வைஃபை பெட்டியை இணைத்தார். கடை மேசையிலேயே உட்கார்ந்து மறுபடி அழைத்தேன். திரையில் சாம்பல் வானம், ஈரப் புல், ஒரு கல் சுவர். நோரா குட்டியோடு நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளமானவர். தாய்க்குதிரை பின்னால் வந்து அவருடைய தொப்பியைக் கடித்தது.

"சும்மா இரு கழுதை" என்று அதட்டிவிட்டு, "உன்னையில்ல அம்மிணி" என்றார்.

"தெரியுதுங்க. குட்டி தலைய இன்னும் கொஞ்சம் நிமித்துங்க. இல்ல, உங்க கை சுழிய மறைக்குது. கழுத்துக்குக் கீழ புடிங்க."

"உனக்குக் கயிறு புடிக்கத் தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். நீங்க ஒதுங்க வேண்டாம், அப்படியே நில்லுங்க. உங்க மூஞ்சியும் விழட்டும்."

மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதுக்கா அத்தனை வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு, அப்படியே நின்று பார்த்தார். "குட்டி நல்லாத்தான் இருக்கு. அந்தம்மாதான் மெலிஞ்சு போயிருக்கு."

சுழி இடது கண்ணுக்கு மேலே, மருத்துவர் குறித்த அதே இடத்தில் இருந்தது. முகம், இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் எடுத்தேன். படங்களை நோராவுக்கு அனுப்பி, அவர் பெயரிலேயே விண்ணப்பத்தோடு சேர்க்கவைத்தேன். 'படம் எடுத்தவர்' என்ற இடத்தில் அவர் என் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு விண்ணப்பத்துல சரிபாக்கறவர்னு பழனிச்சாமி பேரு போட்டிருக்குது?"

"அது எங்கப்பா பேருங்க. தப்பாப் பதிஞ்சுட்டாங்க."

"இவனுகதான் என் குட்டிய அடையாளம் பாக்கறவனுக" என்றார்.

7

வெள்ளிக்கிழமை காலை படங்கள் பொருந்தின. மென்பொருள் பச்சை விளக்குப் போட்டது. அடுத்தது பெயர். அங்கே குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, பெயர் இல்லாமல் அது அச்சாகாது. நோரா அதைக் குட்டி என்று மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் விதியை மீறி அழைத்தேன்.

"நீயே ஒண்ணு சொல்லு. உம்பேர வெக்கட்டுமா?"

"வேண்டாங்க. எம்பேரு எனக்கு வேணும்."

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். ஆண்குட்டி வேற. யாரு வாங்குனாலும் வசந்தத்துல காயடிச்சுருவாங்க, அப்பறம் சாந்தமாயிரும்." கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கடுதாசி போட்டானுகளே, அவனுகளுக்கு மேலதிகாரி ஒருத்தன் இருப்பானே. அவம்பேரு என்ன?"

"டெக்லனுங்க."

"நல்ல பேரு. சாந்த டெக்லன்னு வெச்சரலாம்."

நான் சிரிக்கவில்லை. பெயருக்கு இறுதி ஒப்புதல் தர வேண்டியவர் டெக்லனேதான் என்று சொன்னேன்.

"உனக்கு வேலை போயிருமா?"

"போகலாங்க."

"அப்ப வேண்டாம். வேற வெப்போம்."

இந்த வேலையால்தான் என்னால் கடைப் பணத்தைத் தொடாமல் அப்பாவுக்கு அனுப்ப முடிகிறது. போனால் மறுபடி மிங்கலாடோன் லாயத்தில் போய் நிற்கப்போவதில்லை. அதைவிட இந்தக் கடையில் பம்பு விற்பேன். ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக நான் அனுப்பியவற்றில் ஒன்றையாவது அந்த மனிதர் படித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அதே பேரு இருக்கட்டுங்க" என்றேன். அனுப்பினேன்.

நான் தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஒப்புதல் அளிக்கப்பட்டது. "அருமையான வேலை, பழனி."

சந்தை நாளன்று நோரா அழைத்தார். காற்றில் பாதிப் பேச்சு போய்விட்டது. ஒரு பள்ளி ஆசிரியை தன் மகளுக்காக வாங்கியிருக்கிறாராம். வண்டியில் ஏற்றும்போது குட்டி கத்தவே இல்லையாம், தாய்தான் கத்தினாளாம். "இப்ப வயல் கேட்டுப் பக்கத்துல நிக்கறா. வைக்கோல் சொல்லிட்டேன். இந்தக் குளிருக்கு அவ எங்கயும் போக மாட்டா."

அடுத்த மாதம் நிறுவனத்தின் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில் நான் எடுத்த படம். ஆனால் நோராவின் முகத்தை வெட்டிவிட்டார்கள். அதன் கீழே, ஒரு சிறு வளர்ப்பாளருக்கு உரிய நேரத்தில் கைகொடுத்ததில் தமக்குள்ள பெருமையைப் பற்றி டெக்லன் நீளமாக எழுதியிருந்தார். சாந்த டெக்லன் என்ற குட்டியின் பெயரை இரண்டு இடங்களில் தடித்த எழுத்தில் போட்டு, கடைசியில் டெக்லன் என்று தன் கையெழுத்தும் போட்டிருந்தார். தான் எழுதியதையும் அவர் படிப்பதில்லை.